ஓட்டம் குறைந்த 1991 ஜிஎம்சி சைக்ளோன் பிக்கப்: தேடிப் பிடிப்பது முதல் கட்டிக் காப்பது வரை முழுமையான வழிகாட்டி

சைக்ளோன் ஒன்று விற்பனைக்கு வந்தால் விளம்பரத்தின் முதல் வரியில் ஓடோமீட்டர் எண்தான் இருக்கும். ஐயாயிரம் மைல், எட்டாயிரம் மைல் என்று. வாங்குபவர் அந்த எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பேன். முப்பது வருடத்துக்கு மேல் நின்ற வண்டிக்கு ஓடாமல் இருந்ததே பெரிய சேதமாக இருக்கலாம். ரப்பர் இறுகும், பெட்ரோல் பிசினாகும், பிரேக் ஆயில் ஈரத்தைக் குடித்து உள்ளிருந்தே துருவை வளர்க்கும். 40,000 மைல் ஓடி, ஒவ்வொரு ரசீதும் பத்திரமாக இருந்து, வேறு வகைப் பாகம் எதுவும் பொருத்தப்படாத வண்டி, 6,000 மைலில் கொட்டகைக்குள் மறக்கப்பட்ட வண்டியைவிட நல்ல சேகரிப்பாக அமையக்கூடும். குறைந்த ஓட்டமும் சரியான கவனிப்பும் ஒரே வண்டியில் சேர்ந்திருப்பது அபூர்வம். அப்படிப்பட்ட ஒன்றை அடையாளம் காணவும், வாங்கிய பின் கெடாமல் வைத்துக்கொள்ளவும்தான் இந்த வழிகாட்டி.

படி 1: எந்த வண்டி என்று தெளிவாக இருங்கள்

ஜிஎம்சி சோனோமா என்ற சிறிய பிக்கப்பின் உடல், லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் தொழிற்சாலையில் தயாரானது. அங்கிருந்து மிச்சிகனின் டிராய் நகரில் இருந்த புரொடக்‌ஷன் ஆட்டோமோட்டிவ் சர்வீசஸ், சுருக்கமாக பிஏஎஸ், என்ற நிறுவனத்துக்குப் போய் சைக்ளோனாக மாறியது. 4.3 லிட்டர் வி6 இன்ஜின், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் மிட்சுபிஷி டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்க, தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர், 14 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்). 280 குதிரைத்திறன், 475 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் சக்தி போகும். முன்னுக்கு 35 சதவீதம், பின்னுக்கு 65 சதவீதம். 1991-ஆம் ஆண்டு மாடலாக மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவே கட்டினார்கள். நிறம் கறுப்பு மட்டும்.

1991 செப்டம்பர் இதழில் 'கார் அண்ட் டிரைவர்' இதை ஃபெராரி 348 டிஎஸ்-உடன் ஓடவிட்டது. கால் மைல் தூரத்தை சைக்ளோன் 14.1 விநாடியில் முடித்தது, ஃபெராரி 14.5 விநாடியில். அந்தக் கோட்டைத் தாண்டியபின் ஃபெராரி முந்திவிடும் என்பதும் உண்மை. ஆனாலும் சுமை ஏற்றும் வண்டியின் உடலை வைத்துக்கொண்டு ஒரு இத்தாலியப் பந்தயக் குதிரையை முதல் 400 மீட்டரில் பின்னால் விட்டது இன்றைக்கும் பெருமைக்குரிய விஷயம்தான். சுமை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும்: இதன் சுமைத் திறன் 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ மட்டுமே. மண் பாதையிலும் இதை ஓட்டக்கூடாது.

இதே குடும்பத்தில் 1992-இல் வந்த சோனோமா ஜிடி வெளித்தோற்றத்தில் சைக்ளோன் போலவே இருக்கும். அதில் டர்போவும் கிடையாது, நான்கு சக்கர இயக்கமும் கிடையாது. புகைப்படத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டைஃபூன் என்பது இதே இன்ஜினோடு 1992, 1993-இல் வந்த மூடிய உடல் வண்டி. இங்கே சொல்லும் இன்ஜின் விஷயங்கள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். பெரிய வி8 பிக்கப்தான் மனதில் இருக்கிறதென்றால் 1990 முதல் 1993 வரை வந்த செவ்ரோலே 454 எஸ்எஸ், 1993 முதல் 1995 வரை வந்த ஃபோர்டு எஸ்விடி லைட்னிங் இரண்டையும் பாருங்கள். அவை எண்ணிக்கையில் அதிகம், பாகங்களும் எளிதாகக் கிடைக்கும்.

படி 2: வண்டிக்கு முன்பே காகிதங்களைக் கேளுங்கள்

பயணச் செலவு செய்து வண்டியைப் பார்க்கப் போகும் முன்பு, டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரம், சேசிஸ் எண், டாஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டிக்குள் (குளோவ் பாக்ஸ்) ஒட்டிய ஸ்டிக்கர் மூன்றையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதினேழு இலக்க சேசிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து ஆங்கில 'எம்' ஆக இருந்தால் 1991 மாடல், 'என்' ஆக இருந்தால் 1992. பதினொன்றாவதாக வரும் 8 ஷ்ரீவ்போர்ட்டைக் குறிக்கும். கையுறைப் பெட்டி ஸ்டிக்கரில் வண்டி எந்தெந்த ஆப்ஷன் குறியீடுகளோடு கட்டப்பட்டது என்ற முழுப் பட்டியல் இருக்கும். அதிலும் அதே சேசிஸ் எண் அச்சாகியிருக்க வேண்டும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். புதிதுபோல பளபளத்தால் இன்னும் கூடுதலாகக் கேளுங்கள். இந்த ஸ்டிக்கர்களை மறுபதிப்பு செய்து தருபவர்கள் இருக்கிறார்கள்.

டைட்டிலில் மைல் கணக்கு எழுதியிருக்கும் என்று நம்பி விடாதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி 2010 மாடல் வரையிலான வண்டிகளுக்குப் பத்து வருடம் கடந்தபின் விற்பவர் ஓடோமீட்டர் எண்ணை அறிவிக்கத் தேவையில்லை. அதனால் பல சைக்ளோன்களின் டைட்டிலில் 'விலக்கு' என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அது மோசடிக்கு அடையாளம் இல்லை, உண்மைக்குச் சான்றும் இல்லை. மைல் கணக்கைப் பழைய ஆயில் மாற்று ரசீது, வருடாந்தர இன்ஸ்பெக்‌ஷன் சீட்டு, இன்சூரன்ஸ் கடிதம், பழைய டைட்டில் நகல் ஆகியவற்றிலிருந்துதான் கோக்க வேண்டும். 1993-இல் 3,100, 1999-இல் 4,400, 2008-இல் 5,900 என்று மெதுவாக ஏறும் வரிசை கிடைத்தால் அந்த வண்டியை நம்பலாம். நடுவில் பத்து வருடம் காகிதமே இல்லையென்றால் அந்தப் பத்து வருடத்துக்கும் சேர்த்து விலை கொடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: சவுதி அரேபியாவுக்கு ஏற்றுமதி செய்யவென்று கட்டிய சில சைக்ளோன்களில் மீட்டர் கிலோமீட்டரில் ஓடும். மீட்டர் 10,000 காட்டினால் அது சுமார் 6,200 மைல்தான். விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம்.

புதிதில் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைப் பட்டியல், உரிமையாளர் கையேடு, மாற்றுச் சாவி, வாங்கிய டீலரின் பில் ஆகியவை இருந்தால் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. அவற்றையும் வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேருங்கள்.

படி 3: மீட்டர் சொல்வதை வண்டி ஒத்துக்கொள்கிறதா?

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து குனிந்து உட்காருங்கள். பிரேக் பெடல் ரப்பரின் கோடுகள் கூர்மையாக இருக்கின்றனவா? ஏறி இறங்கும்போது உரசும் சீட்டின் இடது விளிம்பில் சுருக்கம் எவ்வளவு? ஸ்டீயரிங்கின் மேல்பகுதி வழவழவென்று பளபளக்கிறதா, தோலின் புள்ளித் தன்மை இன்னும் இருக்கிறதா? 6,000 மைல் வண்டியில் பெடல் ரப்பர் அநேகமாகப் புதிதாகவே இருக்கும். ரப்பர் புத்தம் புதிது, சீட் விளிம்பு நைந்து போயிருக்கிறது என்றால், யாரோ ரப்பரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துக் கடைசி நுனியில் தைத்திருக்கும் துணிச் சீட்டைப் பாருங்கள். தயாரித்த தேதி அதில் இருக்கும். வண்டியின் காலத்தோடு ஒத்துப்போக வேண்டும். கண்ணாடிகளின் மூலை முத்திரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறு நிறுவனம் என்றால் உடைந்து மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் அதற்கொரு கதை இருக்க வேண்டும்.

டயர் நல்ல சாட்சி. சைக்ளோன் தொழிற்சாலையிலிருந்து 245/50 அளவு, 16 அங்குல ஃபயர்ஸ்டோன் ஃபயர்ஹாக் டயர்களோடு வந்தது. பக்கச் சுவரில் ஆங்கிலத்தில் 'DOT' (டாட்) என்று தொடங்கும் வரியின் கடைசி மூன்று இலக்கங்கள்தான் அந்தக் காலத்துத் தேதி: முதல் இரண்டு வாரம், மூன்றாவது வருடத்தின் கடைசி இலக்கம். 201 என்றால் 1991-இன் இருபதாவது வாரம். 2000-க்குப் பிறகான டயரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். நான்கு மூல டயர்களும் தேயாமல் இருந்தால் மீட்டர் எண்ணுக்கு அதைவிட வலுவான ஆதாரம் குறைவு. ஆனால் அந்த டயர்களில் வண்டியை ஓட்டாதீர்கள். முப்பது வயது ரப்பர் பார்க்க நன்றாக இருக்கும், வேகத்தில் பட்டை பட்டையாகப் பிரியும். அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, ஓட்டப் புதிய டயர் போடுங்கள்.

அடுத்து, பின்தொட்டியை மூடியிருக்கும் கறுப்பு உறையைத் திறந்து பாருங்கள். வண்டியோடு வந்த மூல உறையா என்று கேளுங்கள். தொட்டியின் தரையில் நீளக் கீறல்கள் இருந்தால் யாரோ சைக்ளோனை உண்மையாகவே சுமை ஏற்றப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

படி 4: வெளி உடலும் அடிப்பக்கமும்

கதவுகளின் கீழும் சக்கர வளைவுகளைச் சுற்றியும் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகள்தான் சைக்ளோனின் முகம். அவற்றை ஜிஎம்சி இப்போது தயாரிப்பதில்லை. கிடைப்பவை மறுபதிப்புகளோ, உடைந்த வண்டிகளிலிருந்து எடுத்தவையோதான். ஆகவே ஒவ்வொரு உறையையும் விரலால் தடவிப் பாருங்கள்: விரிசல், பட்டி பூசிய மேடு, மறுபெயின்ட் அடித்த ஓரம். இன்ஜினுக்கு என்ன கோளாறு வந்தாலும் பணம் கொடுத்தால் சரியாகும். தொழிற்சாலைப் பெயின்டும், தொழிற்சாலையில் ஒட்டிய எழுத்துகளும், முழுசான உறைகளும் போனால் போனதுதான். நான் வாங்குவதாக இருந்தால் விலையில் பெரும்பகுதியை இவற்றுக்குத்தான் கொடுப்பேன். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி மலிவாகக் கிடைக்கிறது. எஃகுப் பகுதிகள் எல்லாவற்றிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கதவில் மட்டும் இரண்டு மடங்கு காட்டினால் அந்தக் கதவு அடி வாங்கியிருக்கிறது.

இந்த உறைகளுக்கு இன்னொரு குணம் உண்டு: பின்னால் பிடிக்கும் துருவை மறைத்துவிடும். குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் மாநிலங்களில் இருந்த வண்டி என்றால், நீண்ட வாலுள்ள சிறிய கேமராவை உறைக்கும் உடலுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச் வெளிச்சத்தில் சேசிஸின் பின்பாதி, பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள், பின்தொட்டியின் அடிமடிப்புகளைப் பாருங்கள். நல்ல வண்டியின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையில் சுண்ணக்கோல் போல இட்ட குறிகளும், சில போல்ட்டுகளின் மேல் பெயின்ட் புள்ளிகளும் இன்னும் இருக்கும். அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் நான் கிளம்பிவிடுவேன். எதை மூடினார்கள் என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

படி 5: இன்ஜின்

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள்.

இன்ஜினின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலருக்குத் தனிக் கூலன்ட் சுற்று, தனி மின் பம்ப். அந்த பம்ப் செத்தால் வண்டி வழக்கம்போல ஓடும், ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் டர்போ அனுப்பும் காற்று சூடாகவே உள்ளே போகும், இன்ஜின் தட்டத் தொடங்கும், அதைப் புறக்கணித்தால் ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் விலை கொடுக்கும். நீண்ட காலம் நின்ற வண்டியில் இந்த பம்ப் இறுகிப்போவது வழக்கம். பம்ப் ஓடும்போது அதன்மேல் கை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். இன்டர்கூலர் சுற்றின் மூடியைத் திறந்தால் கூலன்ட் நகர்வது தெரிய வேண்டும். இதைச் சோதிக்காமல் பூஸ்ட் ஏற்றவே விடாதீர்கள்.

டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. குழாய்க்குள் ஆயில் மெல்லிய படலமாக இருந்தால் பரவாயில்லை, தேங்கி நின்றால் கவலைப்படுங்கள்.

பிறகு மாற்றங்கள். தொண்ணூறுகளில் இந்த வண்டி வாங்கியவர்களில் பலர் முதலில் கை வைத்தது கம்ப்யூட்டரில்தான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இன்ஜினுக்கான கட்டளைகள் பதிந்திருக்கும் ப்ராம் சிப்பை மாற்றினால் பூஸ்ட் கூடும், வேகம் கூடும். சிப் மாற்றியது பாவமில்லை. மூல சிப் உறையில் போட்டுப் பத்திரமாக இருக்கிறதா என்பதே கேள்வி. ஓட்டிப் பார்க்கும்போது டாஷ்போர்டில் உள்ள பூஸ்ட் மீட்டர் 14-ஐ நன்றாகத் தாண்டினால், "ஸ்டாக் வண்டி", அதாவது எந்த மாற்றமும் செய்யாத வண்டி, என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டி, எக்ஸாஸ்ட், டர்போ மூன்றும் தொழிற்சாலையுடையதா என்று அந்த மாடலை அறிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் உறுதி செய்துகொள்ளுங்கள். கம்ப்ரஷன் சோதனைக்கும் சம்மதம் கேளுங்கள். ஆறு சிலிண்டர்களின் அளவும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, நடக்கும் வேகத்தில் வட்டமடியுங்கள். வண்டி தயங்கித் தயங்கி இழுத்தால், டயர்கள் குதிப்பது போலத் தெரிந்தால், முன்பின் சக்தியைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் விஸ்கஸ் கப்ளிங் இறுகிவிட்டது. காரணம் பெரும்பாலும் டயர்தான்: முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, அல்லது இரண்டு புதிது இரண்டு பழையது. சுற்றளவில் வித்தியாசம் இருந்தால் கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடாகிச் சாகும். நீங்கள் டயர் மாற்றும்போது நான்கையும் ஒரே நாளில், ஒரே வகையில் மாற்றுங்கள்.

இந்தக் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரால் கியர் மாற்றாது. ஆக்சிலரேட்டரிலிருந்து வரும் ஒரு கேபிள்தான் அழுத்தத்தை நிர்ணயிக்கும். அந்தக் கேபிள் தளர்ந்திருந்தால் கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் விழும். சொகுசாகத் தோன்றும் அந்த மென்மைதான் கிளட்ச் தட்டுகளை எரிக்கிறது. கியர்பாக்ஸின் ஆயில் கோலை எடுத்து முகருங்கள். கருகிய வாசம் கூடாது. பிரேக்கைப் பொறுத்தவரை ஏபிஎஸ் விளக்கு சாவி போட்டதும் எரிந்து பின் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், அந்த ஏபிஎஸ் யூனிட் இன்று எளிதில் கிடைக்காது.

படி 7: விலை பேசுவது

புதிதில் இது சுமார் 26,000 டாலர். இன்றைய விலையை விளம்பரங்களிலிருந்து கணிக்காதீர்கள். விளம்பர விலை விற்பவரின் ஆசை. பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலங்களில் உண்மையாக விற்று முடிந்த சைக்ளோன்களை எடுத்து, அதே அளவு ஓட்டம், அதே அளவு மூலத்தன்மை உள்ளவற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் தரும் ஹேகர்ட்டி நிறுவனத்தின் மதிப்பீட்டையும் பாருங்கள். பிறகு டயர், குழாய்கள், பிரேக், பெட்ரோல் பம்ப், இன்டர்கூலர் பம்ப் ஆகியவற்றின் செலவைத் தனியாகக் கணக்கிட்டுக் கழித்துப் பேசுங்கள். "ஓடவே இல்லை, அதனால் எதுவும் மாற்றவில்லை" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அந்தச் செலவு முழுவதும் உங்களுடையது என்று அர்த்தம்.

கனடாவில் இருப்பவர்களுக்கு: பதினைந்து வயது தாண்டிய வண்டி என்பதால் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப் பாதுகாப்புத் தர நிபந்தனைகள் தடையாக இருக்காது. வரியும் மாகாணப் பதிவும் தனி.

படி 8: நின்ற வண்டியை எழுப்புவது

வீட்டுக்கு வந்ததும் சாவியைத் திருகும் ஆசையை அடக்குங்கள். முதலில் பழைய பெட்ரோலை முழுவதும் இறக்குங்கள். தொட்டியின் உள்ளே துரு இருந்தால் அதையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஃபில்டர் புதிது. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள், ஆறில் ஒன்று பாதி அடைத்திருந்தாலும் பூஸ்டில் அந்த சிலிண்டர் எரிபொருள் போதாமல் வெந்துவிடும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஆயில் விட்டு, கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். தடங்கலில்லாமல் சுற்றினால், இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் மீட்டர் எழும்பும் வரை ஸ்டார்ட்டரைச் சிறு சிறு இடைவெளியில் ஓட்டுங்கள். டர்போவின் பேரிங்கில் ஆயில் சேர்ந்த பிறகே இன்ஜின் உயிர் பெற வேண்டும்.

கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கழற்றும் ஒவ்வொரு மூல ஹோஸ், பெல்ட், கிளாம்ப்பையும் பெயர் எழுதிய பையில் போட்டு வையுங்கள். சேகரிப்பாளர்கள் அவற்றுக்கும் மதிப்புக் கொடுப்பார்கள். ஏசியில் ஆர்-12 என்ற பழைய வகைக் குளிரூட்டும் வாயு இருக்கும். அதைக் கையாள உரிமம் பெற்றவரிடம் மட்டும் போங்கள். ஓடும் ஏசியை வேறு வாயுவுக்கு மாற்றிவிடாதீர்கள்.

படி 9: இனி வைத்துக்கொள்வது

மாதம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுவது நன்மையைவிடக் கெடுதல் அதிகம்: எக்ஸாஸ்டிலும் ஆயிலிலும் ஈரம் தங்கும். முப்பது கிலோமீட்டர் ஓட்டி, எல்லா ஆயில்களும் சூடேறி, இரண்டு மூன்று முறை நல்ல பூஸ்ட் கொடுத்து, கடைசி சில நிமிடம் மெதுவாக வந்து, டர்போ ஆறியபின் நிறுத்துங்கள். வருடத்துக்கு 300, 400 மைல் ஏறும். அதனால் மதிப்புக் குறையும் என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். சீல்கள் காய்ந்த வண்டியில் குறையும் மதிப்பு அதைவிட அதிகம்.

எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அதையே போடுங்கள். குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது தொட்டியை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அதோடு கொஞ்சம் ஓட்டி, கலவை இன்ஜெக்டர் வரை போனபின் நிறுத்துங்கள். பேட்டரிக்கு, அதன் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர். கொட்டகையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள். மூச்சுவிடும் துணி உறை மட்டும்; பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தைப் பிடித்து வைக்கும். எலி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முப்பது வருட வயரிங்கைக் கடித்தால் அதே நிற வயர் தேடி அலைய வேண்டும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது 'ஒப்புக்கொண்ட மதிப்பு' பாலிசியாக, அதாவது இழப்பீட்டுத் தொகையை முன்பே பேசி முடிவு செய்யும் பாலிசியாக, எடுங்கள். சாதாரண பாலிசியில் விபத்து நடந்தால் இதைப் பழைய சோனோமாவாகக் கணக்கிடும் அபாயம் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, மீட்டர் எண், செய்த வேலை, ரசீதின் நகல். வருடத்துக்கு ஒரு முறை மீட்டரையும் டயரையும் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அதோடு சேருங்கள். நீங்கள் வாங்கும்போது எந்தக் காகிதத்தைத் தேடி அலைந்தீர்களோ, அடுத்து வாங்குபவர் உங்களிடம் அதையே கேட்பார்.